குறுவள மையமா, திக்‌ஷாவா?

ஆசிரியர் பயிற்சிக்கு இப்போது இரண்டு வழிகள். ஒன்று, பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒரே அறையில் கூடும் குறுவள மையக் கூட்டம். மற்றது, மத்திய அரசின் திக்‌ஷா தளத்தில் படிக்கும் இணையப் படிப்பு. 2019இல் நேரடியாகத் தொடங்கிய, மத்திய அரசின் ஆசிரியர் பயிற்சித் திட்டமான நிஷ்தா, கொரோனா வந்ததும் 2020இல் திக்‌ஷாவுக்கு மாறியது.

இணையத்தில் வசதி அதிகம். இரவு சமையல் முடித்த பிறகும் படிக்கலாம், வகுப்பை விட்டுவிட்டுப் போக வேண்டாம். ஆனால் காணொளியை ஓடவிட்டு விடைத்தாள் திருத்தினாலும் சான்றிதழ் வந்துவிடுகிறது. நானும் செய்திருக்கிறேன்.

குறுவள மையத்தில் அது நடக்காது. "கடன் வாங்கிக் கழித்தலை எங்க பிள்ளைகள் தப்பாகவே போடுறாங்க டீச்சர்" என்று ஒருவர் ஆரம்பித்தால், இன்னொருவர் தீக்குச்சிக் கட்டுகளை எடுத்து மேஜையில் பரப்பிவிடுவார். அப்புறம் தேநீர் வேளையிலும் அதே பேச்சுதான். ஒரு குறை, ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவர் கூட்டத்துக்கு வந்துவிட்டால் மற்றவர் ஐந்து வகுப்பையும் தனியாகச் சமாளிக்க வேண்டும்.

தலைமை ஆசிரியர் சட்டம், பதிவேடு போன்றவற்றைப் படிக்க இணையமே போதும். கற்பித்தலுக்கு என் ஓட்டு அந்த அறைக்குத்தான்.