நெல் விளையும் ஊரில் சிஎஃப்பி: சில ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு

கும்பகோணத்தில் இருந்துகொண்டே சிஎஃப்பி (குடும்பங்களுக்கு நிதித் திட்டம் போடுபவருக்கான சான்றிதழ்) படித்துப் பிழைக்க முடியுமா என்று இந்தப் பக்கத்து இளைஞர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். முடியும். ஆனால் அந்தச் சான்றிதழ் எதைத் தரும், எதைத் தராது என்று தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள்.

இந்தியாவில் இதை வழங்குவது எஃப்பிஎஸ்பி (ஃபைனான்ஷியல் பிளானிங் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டு) அமைப்பு. முதலீடு ஒரு பாடம், ஓய்வுக்காலமும் வரியும் ஒரு பாடம், காப்பீடும் சொத்துப் பகிர்வும் ஒரு பாடம். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு முழுத் திட்டம் வரையும் நான்காம் கட்டம். தேர்வில் தேறினால் மட்டும் போதாது. பணி அனுபவமும் நெறிமுறை உறுதிமொழியும் வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும்.

படிக்கும்போது எல்லோருக்கும் பிடிப்பது முதலீட்டுப் பாடம். தொழிலுக்கு வந்த பிறகு எனக்கு அதிகம் கைகொடுத்தது சொத்துப் பகிர்வு. டெல்டாவில் பணக் கேள்வி பாதி நிலக் கேள்விதான். தாத்தா பெயரிலேயே கிடக்கும் கூட்டுப் பட்டா, பாகம் பிரிக்காத நாலு மா நிலம், சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன், மயிலாடுதுறையில் கட்டிக்கொடுத்த தங்கை. 1989-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்கு இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு தந்தது. 2005-இன் மத்தியத் திருத்தம் மணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது. வங்கி வைப்புத்தொகைக்கு நாமினி போட்டுவிட்டால் பணம் அவருக்கே சொந்தம் என்று நம்பும் குடும்பங்கள் இங்கே ஏராளம். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர், உரிமை வாரிசுகளுடையது. இதைப் பெரியவர் உயிரோடு இருக்கும்போதே பேசி உயில் எழுத வைத்துவிட்டால், பின்னால் அண்ணன் தம்பி கோர்ட் படி ஏற வேண்டியதில்லை. எந்த மியூச்சுவல் ஃபண்டைப் பரிந்துரைத்தாலும் இதற்கு ஈடான நன்மை செய்ய முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

படிப்பு சொல்லித் தராதது, நெல் போகத்தை வைத்துப் போடும் வரவு செலவுக் கணக்கு. நான் படித்த பயிற்சி மையத்தில் எல்லா உதாரணங்களிலும் மாதச் சம்பளக்காரரே வருவார். வருமானத்தில் செலவைக் கழி, மீதியை எஸ்ஐபியில், அதாவது மாதாமாதம் ஒரு தொகையாக மியூச்சுவல் ஃபண்டில், போடு. நீடாமங்கலத்து விவசாயி ஒருவரிடம் மாதச் செலவு எவ்வளவு என்று கேட்டபோது அவர் சொன்னது: “தம்பி, எங்களுக்கு மாதச் செலவு என்று தனியாக ஏது? நடவுச் செலவு, அறுப்புச் செலவு, கல்யாணச் செலவு, அவ்வளவுதான்.” அன்றிலிருந்து என் படிவத்தில் ஜனவரி, பிப்ரவரி கிடையாது. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால் குறுவை. இல்லையென்றால் சம்பா மட்டும். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் தை, மாசியில் மொத்தமாகக் கணக்கில் ஏறும். அதை லிக்விட் ஃபண்டில் (நினைத்தபோது எடுக்கக்கூடிய குறுகிய கால ஃபண்ட்) வைத்து, அங்கிருந்து மாதாமாதம் பங்குகளில் போடும் ஈக்விட்டி ஃபண்டுக்கு மாற்றும் எஸ்டிபி முறைதான் இங்கே பொருந்துகிறது. அவசர நிதி என்றால் ஆறு மாதச் செலவு என்பது பாடப் பழக்கம். இங்கே ஒரு போகத்தின் சாகுபடிச் செலவும், அடுத்த அறுவடைவரை வீட்டுச் செலவும் சேர்ந்ததுதான் அவசர நிதி.

கடனுக்கும் அப்படியே. கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டி இல்லை. அதை முந்திக்கொண்டு அடைக்க வேண்டாம். கெடு தேதியைத் தவறவிடவும் கூடாது. முதலில் அடைக்க வேண்டியது வட்டிக்காரரிடம் வாங்கிய கடனையும் அடகுக் கடை நகையையும்தான். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. புதுக் கன்று வைத்துக் காய் பார்க்க ஆண்டுக்கணக்கில் ஆகும். தோப்பு வைத்திருப்பவருக்குத் திட்டம் போடும்போது, அந்த வருமானம் ஒரே இரவில் போகக்கூடும் என்பதையும் எழுதித்தான் காட்டுகிறேன்.

வரிப் பாடத்தை மேம்போக்காகப் படிக்காதீர்கள். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நிலத்தை விற்கும்போதுதான் சிக்கல். ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம்வரை மக்கள்தொகை உள்ள நகராட்சி, மாநகராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டில் 6 கிலோமீட்டருக்குள் இருக்கும் நஞ்சையை விற்றால் மூலதன ஆதாய வரி வரும். கும்பகோணத்தைச் சுற்றி இது பலரைத் தொடுகிற விஷயம். கிரையம் முடிந்த பிறகு தெரிந்து என்ன பயன்?

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். சிஎஃப்பி என்பது தகுதி, உரிமம் அல்ல. கட்டணம் வாங்கிக்கொண்டு முதலீட்டு ஆலோசனை தர, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2013-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி தனியாகப் பதிவு செய்ய வேண்டும். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தராக இருந்து கமிஷன் பெறுவது வேறு வழி. எந்த வழி என்பதை வாடிக்கையாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ‘ஆலோசனைக்கு யார் காசு தருவார்கள்’ என்று பயப்பட வேண்டாம். பத்திரம் எழுதுபவருக்கும் வக்கீலுக்கும் கொடுத்துப் பழகிய மக்கள் இவர்கள். திட்டத்தைத் தமிழில் அச்சிட்டு, பக்கம் பக்கமாக விளக்கி, கையில் கொடுத்தால் தருகிறார்கள்.

சேரப்போகிறவர்களுக்கு ஒரு யோசனை. நான்காம் கட்டத்துக்கு மாதிரித் திட்டம் எழுதிப் பழகும்போது, பெருநகரக் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்யாதீர்கள். உங்கள் வீட்டுப் பட்டா, சங்கத்துக் கடன் புத்தகம், நகைக்கடன் ரசீது, ஏலச் சீட்டு நோட்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்து, அப்பா அம்மா இருவரையும் எதிரில் உட்கார வைத்து எழுதுங்கள்.