தொங்கமலைக் குடியரசு நீரில் மூழ்கிய பின்: நேஷன்ஸ்டேட்ஸ் விளையாட்டு குறித்த ஒரு மதிப்புரை

கற்பனை நாடொன்றை உருவாக்கி ஆள உதவும் விளையாட்டுகள் எத்தனையோ உள்ளன. ஆனால், அந்த நாடு எப்போது, எவ்வாறு அழிய வேண்டும் என்பதை அதை வளர்த்தவரின் கையிலேயே விட்டுவைக்கும் விளையாட்டு என்று நான் அறிந்தது நேஷன்ஸ்டேட்ஸ்தான். இலங்கை மலையகத்தில் எங்கள் நண்பர் வட்டம் கூடி வளர்த்த தொங்கமலைக் குடியரசு, எங்கள் கதைக்குள் ஓர் அணைக்கட்டின் நீரில் மூழ்கி முடிந்தது. அதை எழுதி முடித்த பிறகு எங்களுக்குள் நடந்த நீண்ட பேச்சுகள் இந்த விளையாட்டின் மீதான என் மதிப்பை உயர்த்தின. அதன் போதாமைகளும் அப்போதுதான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன. இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

அவுஸ்திரேலிய நாவலாசிரியர் மேக்ஸ் பேரி, தமது நாவல் ஒன்றுக்கு விளம்பரமாக 2002 நவம்பரில் தொடங்கிய இணைய விளையாட்டு இது. கட்டணம் இல்லை. நாட்டுக்குப் பெயர், கொடி, தேசிய விலங்கு, நாணயம், குறிக்கோள் வாசகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்த பின், அரசாங்கத்தின் முன் வரும் பிரச்சினைகளுக்கு ஆட்சியாளராக நாம் முடிவு சொல்ல வேண்டும். ஒவ்வொரு முடிவும் குடியியல் உரிமை, பொருளாதாரம், அரசியல் சுதந்திரம் என்ற மூன்று அளவுகோல்களில் நாட்டை ஏற்றவோ இறக்கவோ செய்கிறது. அவற்றின் சேர்க்கையைக் கொண்டு 27 வகை ஆட்சிகளுள் ஒன்றாக நமது நாடு வகைப்படுத்தப்படுகிறது. ஏறத்தாழ முழுவதும் எழுத்தாலேயே நடக்கும் விளையாட்டு என்பதால், சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாத தோட்டங்களிலும், சிறிய ரீலோட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, பழைய கைபேசியிலேயே ஆடலாம். 2022இல் மின்வெட்டு மணிக்கணக்காக நீண்ட காலத்திலும் எங்கள் நாடுகள் இயங்கிக்கொண்டிருந்ததற்கு இந்த எளிமையே காரணம்.

இந்த விளையாட்டின் மிகச் சிறந்த பண்பு என்று நான் கருதுவது, பலர் குறையாகச் சொல்லும் ஒன்றுதான்: இதன் வழக்கமான ஆட்டத்தில் போர் செய்வதற்கான பொறிமுறை எதுவும் இல்லை. ஒரு நாட்டின் மீது படையெடுத்து அதன் மக்கள்தொகையைக் குறைப்பதற்கு எந்தப் பொத்தானையும் அழுத்த முடியாது. போர், பேரழிவு, எல்லைத் தகராறு எல்லாமே ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பேசி, பாத்திரமேற்று, எழுதி நடத்திக்கொள்ள வேண்டியவை. அவ்வாறு எழுதும்போது அனுபவசாலிகள் கடைப்பிடிக்கும் ஒரு மரபு உண்டு. தாக்குபவர் தன் தாக்குதலை மட்டுமே எழுதலாம். அதனால் ஏற்பட்ட இழப்பு எவ்வளவு என்பதைத் தாக்கப்பட்ட நாட்டுக்குரியவரே எழுதுவார். பிறருடைய நாட்டின் சாவை நாமே எழுதிவிடுவது மிகப் பெரிய அவமரியாதையாகக் கருதப்படுகிறது. இந்த ஒரு மரபினால், நாடொன்று அழிவது பறிக்கப்படுவதாக இல்லாமல் ஒப்படைக்கப்படுவதாக ஆகிறது. அதை ஒப்படைப்பவரின் மனநிலையை மற்றவர்கள் கூடவே இருந்து பார்க்கிறார்கள்.

தொங்கமலைக் குடியரசுக்குரியவர் பொகவந்தலாவைப் பக்கத்தில் ஆசிரியராகப் பணிபுரியும் ஓர் அக்கா. எங்கள் வட்டத்தில் ஆட்டத்தை முதலில் தொடங்கியவர் அவர்தான். தேயிலையையும் நீர்மின்சாரத்தையும் நம்பி வாழும் மலைநாடு ஒன்றைப் பொறுமையாக வளர்த்தார். அதன் ரயில் நிலையங்களுக்கும் பாடசாலைகளுக்கும்கூடப் பெயர் வைத்திருந்தார். அதன் வரலாறு, நில அமைப்பு, ஆட்சிமுறை ஆகியவற்றை விளையாட்டுக்குள்ளேயே பதிந்து வைக்கும் வசதியை அவரைப்போல முழுமையாகப் பயன்படுத்தியவர் எங்களுள் வேறு எவரும் இல்லை. வேலைப்பளுவினால் தொடர முடியாது என்ற நிலை வந்தபோது, நாட்டைச் சும்மா விட்டுவிடாமல், அதற்கு ஒரு முடிவை எழுதித் தர விரும்புவதாக வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தார். கீழ்நிலத்தில் இருந்த என் நாட்டை அணைக்கட்டு ஒன்றைக் கட்டும்படியும் அவரே கேட்டுக்கொண்டார்.

மஸ்கெலியாவை அறிந்தவர்களுக்கு அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பது சொல்லாமலே விளங்கும். 1960களின் பிற்பகுதியில் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயிலின் கட்டடம் இன்றும் வெளியே தெரிகிறது. மூழ்கிய ஊர் ஒன்றின் அருகில் வளர்ந்தவர், தான் கற்பனை செய்த நாட்டுக்கும் அதே முடிவைத் தேர்ந்தெடுத்தார். வெடிகுண்டையோ பூகம்பத்தையோ அவர் எண்ணிப் பார்க்கவே இல்லை.

அவர் எழுதிய இறுதி அறிக்கைகளே எங்கள் ஆட்டத்தின் உச்சம் என்று தயங்காமல் சொல்வேன். நீர் ஏறும் ஒவ்வொரு கட்டத்திலும் அரசாங்க அறிவித்தல் ஒன்று வெளியாகும். அதில் உணர்ச்சிச் சொல் ஒன்றுகூட இருக்காது. எந்தத் தோட்டப் பிரிவு எந்த நேரத்துக்குள் வெளியேற வேண்டும், எவற்றை மேட்டுக்கு எடுத்துச் செல்ல அனுமதி உண்டு என்ற விவரம் மட்டுமே இருக்கும். எடுத்துச் செல்லக்கூடியவை என்ற அட்டவணையில் கோயில் மணி, பாடசாலை வரவுப் பதிவேடு, தப்பு மேளம் ஒரு சோடி, கொழுந்து நிறுக்கும் தராசு ஆகியவை இருந்தன. கடைசி அறிவித்தலில் அந்த அட்டவணை மேலும் சுருங்கி, பதிவேடு மட்டும் எஞ்சியது. பண்டாரவளையிலிருந்து விளையாடும் இளைஞர் ஒருவர் அன்றிரவு குழுவில், “அக்கா, மேப்பிரிவ மட்டுமாவது விட்டு வைங்களேன், அங்கதானே ஸ்கூல் இருக்கு” என்று கெஞ்சினார். “தம்பி, தண்ணி நாம சொல்ற எடத்துல நிக்காது” என்று மட்டும் அவர் பதில் போட்டார். அணையைக் கட்டிய நாட்டுக்குரியவன் என்ற முறையில் அதற்கு மேல் எழுதுவதற்கு எனக்குச் சொல் எழவில்லை.

ஆனால், அழிவு நீரோடு முடியவில்லை. தொங்கமலையின் மக்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி அடுத்த நாளே எழுந்தது. இதற்கு விளையாட்டில் எந்த ஏற்பாடும் கிடையாது. ஒரு நாடு நீங்கினால் அதன் மக்கள்தொகையும் அதனுடன் நீங்கிவிடும், அயல்நாடுகளின் எண்ணிக்கை ஒன்றால்கூடக் கூடாது. எனவே, எஞ்சியிருந்த நாங்கள் அதையும் எழுத்தாலேயே தீர்க்க வேண்டியிருந்தது. இரண்டு அயல்நாடுகள் மேசையில் அமர்ந்து, இத்தனை பேரை நீ எடு, இத்தனை பேரை நான் எடுக்கிறேன், மீதிப் பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஒப்பந்தம் எழுதின. எழுதும்போதே எங்கள் எல்லோருக்கும் அது எதன் நிழல் என்பது தெரிந்திருந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட எங்கள் முன்னோரை, 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பின்னர் தீர்மானிப்பது என்று பிரித்தது; அந்த மீதிப் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பாடப்புத்தகத்தில் ஒரு பந்தியாகப் படித்துக் கடந்த அந்த எண்களை, பங்கு பிரிக்கும் அரசாங்கத்தின் இடத்தில் அமர்ந்து நானே எழுத வேண்டி வந்தபோதுதான், அந்த மேசையில் மக்களுள் ஒருவர்கூட அமர்த்தப்படவில்லை என்பது எனக்கு உறைத்தது. என் நாட்டின் பிரதிநிதியாக நான் எழுதிய ஒப்பந்த வாசகத்தை அக்கா வாசித்துவிட்டு, அதே வீட்டின் அண்ணனும் தங்கையும் வெவ்வேறு பட்டியலில் இருப்பதாக ஒரு சிறு குறிப்பைச் சேர்த்தார். அந்தக் குறிப்புக்குப் பிறகு நாங்கள் ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினோம்.

இத்தகைய எழுத்துக்கு இடம் தரும் விளையாட்டு, தன் சொந்த விதிகளில் நாடுகளின் சாவை எப்படி நடத்துகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு நாட்டுக்குள் 28 நாட்கள் எவரும் நுழையாவிட்டால் அது தானாகவே இல்லாமற்போகும். விடுமுறை நிலையைத் தெரிவுசெய்து வைத்திருந்தால் அந்த அவகாசம் 60 நாட்கள் வரை நீளும். அக்கா தன் கடைசி அறிவித்தலைப் பதிந்த பின் நாட்டுக்குள் நுழைவதை நிறுத்திவிட்டார். கதையில் நாடு மூழ்கிவிட்டது. ஆயினும் விளையாட்டின் பக்கத்தில் தொங்கமலையின் மக்கள்தொகை வழக்கம்போல நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே இருந்தது. எங்களுள் சிலர் அந்தப் பக்கத்தைத் திறந்து அந்த எண்ணைப் பார்ப்பதையே ஒரு வழக்கமாகக் கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு நாள், அத்தகைய நாடு இல்லை என்ற செய்தி மட்டுமே வந்தது. விளையாட்டு இவ்விடத்தில் கொஞ்சம் அக்கறை காட்டியிருக்கலாம் என்பது என் கருத்து. ஆட்டக்காரர் விரும்பி முடித்த நாட்டுக்கும் மறந்துபோன நாட்டுக்கும் ஒரே முடிவு என்பது நியாயமாகத் தோன்றவில்லை. இறுதி நாளை நாமே குறித்து, ஒரு கடைசி வாசகத்தைப் பதிந்து, நாட்டை மூடிவைக்கும் வசதி இருந்தால் அது பெரிய மரியாதையாக இருக்கும்.

அதே வேளையில், மறைந்த நாட்டை அதற்குரியவர் கடவுச்சொல்லைக் கொண்டு எப்போது வேண்டுமானாலும் மீட்டெடுக்கலாம் என்பதையும் பாராட்ட வேண்டும். நாடுகள் கூட்டமாக இருக்கும் இடங்களைப் பகுதிகள் என்பார்கள்; அவ்வாறு மீண்டவை வந்துசேரும் பகுதிகளுள் ஒன்றுக்கு, விவிலியத்தில் இறந்து உயிர்த்தெழுந்தவரான லாசரஸின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இந்த வசதி எங்கள் வட்டத்தில் ஓர் உண்மையான கருத்து வேறுபாட்டைக் கிளப்பியது. நாட்டை மீட்டெடுத்து, மேட்டில் தப்பியவர்களின் கதையாகத் தொடர வேண்டும் என்று இளையவர்கள் கேட்கிறார்கள். முடிவை இவ்வளவு கவனமாக எழுதிய ஒருவரிடம் அதைத் திருப்பிக் கேட்பது சரியல்ல என்பதே என் நிலைப்பாடு.

அழிவின் இன்னொரு முகத்தை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். நாடுகள் கூடி வாழும் பகுதிகளைக் கைப்பற்றுவதையே பொழுதுபோக்காகக் கொண்ட குழுக்கள் உள்ளன. உலக மன்றம் என்ற அமைப்பின் உறுப்பு நாடுகள் ஒன்றுக்கொன்று வழங்கும் ஆதரவே ஒரு பகுதியின் பிரதிநிதியைத் தீர்மானிக்கிறது. (முன்பு ஐக்கிய நாடுகள் என்ற பெயரிலேயே இயங்கிய அந்த மன்றம், உண்மையான ஐக்கிய நாடுகள் அமைப்பு ஆட்சேபித்த பின் 2008இல் பெயரை மாற்றிக்கொண்டது.) நாளாந்தப் புதுப்பிப்பு நிகழும் நேரத்துக்குச் சற்று முன்பு கூட்டமாக உள்ளே நுழைந்து, அந்தப் பதவியைப் பிடித்து, பழைய குடிகளை வெளியேற்றி, கொடியை மாற்றிவிடுவார்கள். விதிகளுக்கு உட்பட்ட செயல் இது. இதை முறியடிக்கும் பாதுகாவலர் குழுக்களும் இருக்கின்றன. சிலருக்கு இதுவே ஆட்டத்தின் சுவை. ஆனால், ஆண்டுக்கணக்காக எழுதிச் சேர்த்த ஒரு பகுதியை அதன் மக்களைக் கேட்காமல் கலைப்பது, மேலே நான் புகழ்ந்த சம்மத மரபுக்கு நேர் எதிரானது. ஒக்டோபர் இறுதியில் நடக்கும் நடைபிணங்களின் (ஸோம்பி) திருவிழாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நோய் பரவி மக்கள்தொகை சரியும், முடிந்ததும் எல்லாம் பழையபடி ஆகும்.

மொழி ஒரு பெரிய தடை. விளையாட்டு முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பதோடு, நாட்டின் பெயரையும் ஆங்கில எழுத்துகளிலேயே பதிய வேண்டும். பிரச்சினைகளில் உள்ள நையாண்டியும் செல்வந்த மேலைநாடுகளின் அரசியல் சண்டைகளை அறிந்தவருக்கே எளிதில் பிடிபடும். நாட்கூலியைப் பற்றியோ காணியுறுதி இல்லாத வீட்டைப் பற்றியோ முடிவெடுக்கும் வாய்ப்புக்காக நான் காத்திருந்தேன். எனக்கு வாய்த்தவற்றுள் அது வரவில்லை. எங்களைப் போன்றவர்கள் விளையாட்டை ஒரு சட்டகமாக மட்டும் வைத்துக்கொண்டு, உயிருள்ள பகுதியைத் தமிழில் வாட்ஸ்அப்பில் எழுதுவதற்கு அதுவே காரணம்.

எழுத விருப்பமுள்ள நால்வராவது சேர்ந்து தொடங்குவதாக இருந்தால், இந்த விளையாட்டை மனதாரப் பரிந்துரைக்கிறேன். தனியாக ஆடுபவருக்குச் சில வாரங்களில் சலித்துவிடக்கூடும். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் விடுமுறை நிலையை முன்கூட்டியே தெரிவுசெய்து வைப்பது நல்லது. நாட்டின் வரலாற்றையும் அறிவித்தல்களையும் அவ்வப்போது பிரதியெடுத்து வேறிடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். தொங்கமலையின் இறுதி அறிவித்தல்கள் எங்களிடம் முழுமையாக இருப்பது, அக்கா அவற்றை முதலில் சீ.ஆர். கொப்பி எனும் தடித்த அட்டைக் குறிப்பேட்டில் கையால் எழுதி, படம் பிடித்துக் குழுவில் போட்டிருந்ததனால்தான்.