குழாயில் வடிகட்டுவதா, மலையிலேயே காப்பதா?

குடிநீரை மாசிலிருந்து காக்க ஓர் அரசின் கையில் இருக்கும் வழிகள் சிலதான். அழுக்கு கலந்தபின் சுத்திகரிக்கலாம், கலக்கும் இடத்திலேயே தடுக்கவும் செய்யலாம். தடுப்பதென்றால் அதற்கும் பல வகை உண்டு: சட்டம் போடுவது, கட்டணம் வாங்குவது, காசு கொடுத்து இணங்க வைப்பது, பொருளையே தடை செய்வது. எது சிறந்தது என்று கேட்டால் "எல்லாம் கலந்துதான்" என்ற பதில் வரும். தப்பில்லை, ஆனால் பட்ஜெட் போட உட்காருகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. முதலில் அழுக்கு எது என்று பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. வழி பெரும்பாலும் அதிலிருந்தே தெரிந்துவிடும்.

கிருமி என்றால்

நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காப்பதற்கு நியூயார்க் நகரத்தைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அங்கே சுமார் 90 லட்சம் பேருக்குப் போகும் தண்ணீரில் பெரும்பகுதி கேட்ஸ்கில், டெலவேர் மலைப்பகுதிகளிலிருந்து வடிகட்டப்படாமலே வருகிறது. ஆறு, ஏரி நீரை எடுக்கிறவர்கள் வடிகட்ட வேண்டும், இல்லாவிட்டால் நீர் வரும் இடம் பாதுகாப்பானது என்று நிரூபிக்க வேண்டும் என்று 1989இல் அமெரிக்க அரசு விதி கொண்டுவந்தது. வடிகட்டும் நிலையம் கட்ட 600 கோடி டாலரைத் தாண்டும் என்று மதிப்பிட்டார்கள். ஆண்டாண்டு இயக்கச் செலவு தனி. நகரம் வேறு கணக்குப் போட்டது. 1997இல் மலை ஊர்களோடு ஒப்பந்தம் செய்து, சுமார் 150 கோடி டாலர் திட்டத்தில் நிலம் வாங்கியது, பழுதான செப்டிக் டேங்குகளைச் சரிசெய்தது, மாட்டுப் பண்ணைகளின் சாணம் ஓடையில் கலக்காமல் இருக்க விவசாயிகளுக்கு உதவியது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதே நகரத்துக்கு க்ரோட்டன் என்று இன்னொரு நீர்ப்பிடிப்புப் பகுதி உண்டு, நகரத்துக்கு அருகில். அங்கே புறநகர் வீடுகளும் சாலைகளும் ஏற்கெனவே பெருகிவிட்டன. நிலம் வாங்கிக் காக்கும் கட்டம் கடந்துபோனதால் 300 கோடி டாலருக்கு மேல் செலவழித்து வடிகட்டும் நிலையமே கட்டினார்கள். அது 2015இல் ஓடத் தொடங்கியது. கேட்ஸ்கில் நீருக்கும் குளோரின் போதாதென்று புற ஊதாக் கதிர் நிலையம் ஒன்று சேர்ந்தது. ஆக, மேட்டில் மக்கள் குறைவாகவும் பள்ளத்தில் பணம் அதிகமாகவும் இருந்தால் இந்த வழி அருமை. இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் கஷ்டம்.

சரி, சுத்திகரிப்பை மட்டும் நம்பினால்? 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுமார் 4 லட்சம் பேர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். மிச்சிகன் ஏரியிலிருந்து எடுத்து, முறையாக நிலையத்தில் வடிகட்டி, குளோரின் போட்ட தண்ணீர்தான். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்குக் குளோரின் ஒரு பொருட்டே இல்லை. அதை வடிகட்டிதான் பிடிக்க வேண்டும். அந்த நாட்களில் வடிகட்டி சரியாக வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். கனடாவின் வாக்கர்டனில் 2000ஆம் ஆண்டு இன்னும் மோசம். பெருமழையில் மாட்டுச் சாணம் ஆழமில்லாத கிணற்றில் கலந்தது, குளோரினும் போதிய அளவு போடப்படவில்லை. 7 பேர் இறந்தார்கள், 2,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள்.

கிருமியைப் பொறுத்தவரை என் தீர்ப்பு சுத்திகரிப்பின் பக்கம்தான். எந்தக் காட்டையும் மானும் பறவையும் நுழையாமல் அடைத்து வைக்க முடியாது. ஆனால் நிலையம் ஒரே ஒரு நாள் தவறினாலும் ஊரே படுத்துவிடும் என்பதால், உள்ளே வரும் கிருமிச் சுமையைக் குறைத்து வைப்பது வீண் செலவு அல்ல.

உரம் என்றால்

இங்கே தராசு அப்படியே தடுப்பின் பக்கம் சாய்கிறது. உரத்திலிருந்து வரும் நைட்ரேட் தண்ணீரில் கரைந்து கிடப்பது. மணல் வடிகட்டிக்கு அது சிக்காது, குளோரினுக்கும் அசையாது. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி நைட்ரேட்டின் செறிவு கூடத்தான் செய்யும். எடுக்க அயனிப் பரிமாற்றமோ (நைட்ரேட்டைப் பிடித்துக்கொண்டு வேறு உப்பை விடும் முறை) ஆர்.ஓ.வோ வேண்டும். இரண்டும் விலை அதிகம், இரண்டிலும் உப்புக் கழிவு மிஞ்சும்.

அமெரிக்காவின் டெமாய்ன் நகரம் மக்காச்சோள வயல்களின் வடிகால் நீர் வந்து சேரும் ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் இருக்கிறது. 1990களின் தொடக்கத்திலேயே நைட்ரேட் நீக்கும் நிலையம் கட்ட வேண்டி வந்தது. 2015இல் நகரின் குடிநீர் அமைப்பு, மேலே வயல் வடிகால்களை நிர்வகிக்கும் மூன்று மாவட்டங்கள் மீது வழக்குப் போட்டது. 2017இல் வழக்கு தள்ளுபடியானது. நீக்கும் செலவு குடிப்பவர் தலையிலேயே நின்றது.

ஜெர்மனியின் மியூனிக் எதிர்த்திசையில் போனது. மாங்ஃபால் பள்ளத்தாக்கில் நகரம் நெடுங்காலமாக நிலம் வாங்கிக் காடாக வைத்திருந்தது. 1992 முதல் சுற்றியுள்ள விவசாயிகளுக்குப் பணம் கொடுத்து இயற்கை விவசாயத்துக்கு மாற்றியது. மாசுபடுத்துகிறவருக்கே காசு கொடுப்பதா என்று கோபம் வரலாம். எனக்கும் அது முழுக்கப் பிடிக்கவில்லை. ஆனால் வயல் எங்கும் பரந்து கிடக்கிறது, எந்த வயலிலிருந்து எவ்வளவு நைட்ரேட் கசிகிறது என்று அளந்து அபராதம் போட ஆளில்லை. சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதிக்குப் பணம் கொடுப்பதே மலிவு. ஒரு பெரிய ஆற்றுப்படுகை முழுவதற்கும் கொடுக்க எந்தக் கஜானாவும் தாங்காது, அங்கே உர அளவுக்குச் சட்டம்தான்.

ஆலைக் குழாய் என்றால்

குழாயை அளக்கலாம், அதனால் சட்டம் இங்கே நன்றாக ஓடும். அமெரிக்காவின் 1972 தூயநீர்ச் சட்டம் ஒவ்வொரு குழாய்க்கும் உரிமமும் வரம்பும் வைத்தது. வயல்வெளியை ஏறக்குறைய விட்டுவிட்டது. டெமாய்ன் சிக்கலின் வேர் அதுதான். நெதர்லாந்து 1970 சட்டத்தின் மூலம் மாசின் அளவுக்கேற்பக் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தில் கழிவுநீர் நிலையங்களை நடத்தியது. வரம்பை எட்டிய ஆலை அதற்குக் கீழே ஒரு கிராம்கூடக் குறைக்க வேண்டியதில்லை. கட்டணம் இருந்தாலோ ஒவ்வொரு கிலோவும் கணக்கில் உறுத்தும். சாதாரண கரிமக் கழிவுக்குக் கட்டணமே என் தேர்வு. பாதரசம், காட்மியம் போன்றவற்றுக்கு "கட்டிவிட்டு ஊற்று" என்ற பேச்சே கூடாது. ஆய்வாளர் வராத நாட்டில் இரண்டுமே காகிதம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அழியாத பொருள் என்றால்

அட்ரசின் என்ற களைக்கொல்லியை ஜெர்மனி 1991இல் தடை செய்தது. பல ஆண்டுகள் கழித்தும் அங்கே நிலத்தடி நீரில் அது தென்பட்டது. ஒட்டாத சட்டிப் பூச்சு போன்றவற்றில் பயன்பட்ட, எளிதில் சிதையாத பி.எஃப்.ஏ.எஸ். வகை ரசாயனங்கள் இன்னும் பிடிவாதம். 2024இல் அமெரிக்கா அவற்றில் இரண்டுக்கு வைத்த வரம்பு லட்சம் கோடியில் 4 பங்கு. ஆக்டிவேட்டட் கார்பன் அவற்றைப் பிடிக்கும், ஆனால் பிடித்த கார்பனை என்ன செய்வது என்ற கேள்வி பாக்கி. இதில் தடையைத் தவிர வேறு போட்டியாளர் இல்லை. தாமதமாகப் போட்டால் தடையும் சுத்திகரிப்புச் செலவும் சேர்ந்தே வரும். இந்த ரசாயனங்களைத் தயாரித்த 3எம் நிறுவனம் 2023இல் அமெரிக்கக் குடிநீர் அமைப்புகளுக்குக் குறைந்தது 1,030 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அந்தப் பணம் ரசாயனம் சந்தைக்கு வந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, நீதிமன்றம் வழியாக, வடிகட்டி வாங்குவதற்காக வந்தது.