மைக்ரோபிட்டா, ஆர்டுயினோவா: முதல் போர்டு எது?

மைக்ரோபிட், ஆர்டுயினோ இரண்டும் நாம் எழுதும் புரோகிராம்படி விளக்கையும் மோட்டாரையும் இயக்கும் குட்டிக் கணினி போர்டுகள். ரோபாட்டிக்ஸ் சொல்லிக்கொடுக்கத் தொடங்குபவர்கள் முதலில் விசாரிப்பது இவற்றின் விலையை. நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு. ஒன்று வேலை செய்யாவிட்டால், தப்பு எங்கே என்று பிள்ளையே கண்டுபிடிக்க முடியுமா?

ஆர்டுயினோவின் ஊனோ என்ற மாடலில் முதல் பாடம் எல்இடியை மினுக்குவது. போர்டிலேயே 13ஆம் பின்னோடு (பின் என்பது வயரை இணைக்கும் முனை) ஒரு குட்டி எல்இடி இருப்பதால் அதுவரை சிக்கல் இல்லை. பிரெட்போர்டு எனும் துளைப் பலகையில் தனியாக ஒன்றைச் செருகும்போதுதான் ஆரம்பிக்கிறது. நீளமான கால் போர்டின் பின்னுக்கு, குட்டைக் கால் கிரவுண்டுக்கு (மின்சாரம் திரும்பும் முனை), இடையில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் 220 ஓம் ரெசிஸ்டர். எரியவில்லையா? கால் மாறியிருக்கலாம். ஜம்பர் வயர் ஒரு துளை தள்ளிப் போயிருக்கலாம். கோடிங்கில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் புரோகிராம் போர்டுக்கே போகாது. பதினொரு வயதில் இத்தனை சந்தேகத்தை ஒரே நேரத்தில் தாங்குவது கஷ்டம்.

மைக்ரோபிட்டை பிபிசி 2016இல் பிரிட்டனில் இதே வயது மாணவர்களுக்குத்தான் இலவசமாகக் கொடுத்தது. 25 எல்இடி, இரண்டு பட்டன், அசைவை அறியும் சென்சார், திசைகாட்டி எல்லாம் போர்டிலேயே உண்டு. 2020 பதிப்பில் மைக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்தன. பிளாக்குகளை அடுக்கிப் புரோகிராம் எழுதும் மேக்கோடில் 'குலுக்கினால்' என்ற பிளாக்குக்குள் இதயப் படத்தை வைத்து, ஃபைலை பென்டிரைவுக்குப் போல காப்பி செய்தால் போதும். வயரே இல்லாததால், படம் வராவிட்டால் தேட வேண்டிய இடம் பெரும்பாலும் பிளாக்குகள்தான். அந்தத் தேடலே பிள்ளைக்குப் பெரிய பாடம்.

சரி, வண்டி ஓட்ட வேண்டுமென்றால்? அங்கே ஊனோவின் கை ஓங்குகிறது. அது 5 வோல்ட் போர்டு. தூரத்தை அளக்கும் சாதாரண அல்ட்ராசோனிக் சென்சாரை நேராக இணைக்கலாம். மைக்ரோபிட் 3 வோல்ட்டில் ஓடுவதால் இடையில் துணை போர்டு தேவைப்படும். மோட்டாரை மட்டும் இரண்டிலுமே பின்னில் நேராக மாட்டக் கூடாது. ஊனோவின் ஆர்3 பதிப்பில் ஒரு பின்னுக்கு 20 மில்லி ஆம்பியர்தான் பாதுகாப்பு. மோட்டார் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். மோட்டாருக்குத் தனியாக மின்சாரம் தரும் எல்298என் போன்ற டிரைவர் போர்டு கட்டாயம். ஊனோவின் வடிவமைப்பு திறந்த மூலம் என்பதால் மலிவான நகல்களும் தாராளமாகக் கிடைக்கின்றன.

என் தேர்வு: ஐந்தாம், ஆறாம் வகுப்புக்கு மைக்ரோபிட். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் நேராக ஊனோ. பள்ளியில் ஊனோ மட்டும் இருந்தாலும் சின்னப் பிள்ளைகளைக் காக்க வைக்க வேண்டாம். டிங்கர்கேட் தளத்தில் இலவசமாகவே சர்க்யூட்டை வரைந்து, பிளாக்கில் எழுதி, திரையிலேயே ஓட்டிப் பார்க்கட்டும். அப்புறம் கையில் வயரைக் கொடுங்கள்.