துளையிட்ட கார்பன் தகடு: சூத்திரமா, கணினியா, சோதனைக் கூடமா?

சனிக்கிழமை மாலை சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடி நிலையத்தில், செலேத்தாரில் விமானப் பழுதுபார்ப்பு வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆன ஒரு தம்பி, தே தாரிக் ஆறிப்போவதையும் கவனிக்காமல் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். 36 மி.மீ. அகலமுள்ள கார்பன் இழைத் தகடு, நடுவில் 12 மி.மீ. துளை. "அண்ணே, விளிம்பில் தகைவு மூன்று மடங்கு என்கிறது சூத்திரம். கணினி 3.4 என்கிறது. எதை நம்புவது?" என்று கேட்டார்.

தகைவு என்பது ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை; மடங்கு என்பது துளையிலிருந்து தொலைவில் உள்ள தகைவோடு ஒப்பிட்டுச் சொல்வது. இரண்டுமே சரி. ஆனால் தகடு எப்போது முறியும் என்பதை இரண்டும் சொல்லவில்லை. இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

முதலில் சூத்திரம். எல்லாத் திசையிலும் ஒரே குணமுள்ள, மிக அகலமான தகட்டில் வட்டத் துளையின் விளிம்பில் தகைவு மூன்று மடங்காகும் என்று கிர்ஷ் 1898இல் காட்டினார். பிசினில் தோய்ந்த இழை அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்யும் இழைத் தகடு அப்படிப்பட்டதல்ல. திசைக்குத் திசை விறைப்பு (இழுத்தால் நீளாமல் எதிர்க்கும் தன்மை) மாறும் தகடுகளுக்கான கணக்கைத் தந்தவர் லெக்னிட்ஸ்கி. நான்கு விறைப்பு எண்கள் இருந்தால் போதும், ஐந்து நிமிடத்தில் விடை கிடைக்கும். இழைகள் அனைத்தும் ஒரே திசையில் ஓடும் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: இழை வழியே 140, குறுக்கே 10, சறுக்கு விறைப்பு 5 கிகாபாஸ்கல், பாய்சான் விகிதம் (இழுக்கும்போது பக்கவாட்டில் சுருங்கும் அளவு) 0.3. இழை வழியே இழுத்தால் விளிம்புத் தகைவு 6.9 மடங்கு. அதே தகட்டைத் திருப்பிக் குறுக்கே இழுத்தால் ஏறத்தாழ 2.6. அடுக்குகளை 45 பாகை சாய்த்து மாற்றி மாற்றி வைத்தால் சுமார் 2. அடுக்கும் கோணம் எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வண்ணப்படமும் எனக்குக் காட்டியதில்லை.

தம்பியின் தகட்டில் எல்லாத் திசையிலும் சமமாக இழைகள் இருந்தன. அதனால்தான் மூன்று. ஆனால் அகலம் துளையைப் போல மூன்று பங்குதான். அதற்கான திருத்தம் ஏறத்தாழ 15 விழுக்காடு. பெருக்கிப் பார்த்தால் 3.4. கணினி அகலத்தைக் கணக்கில் எடுத்தது, சூத்திரம் எடுக்கவில்லை. சண்டை அவ்வளவுதான்.

தகட்டைச் சிறு துண்டுகளின் வலையாகப் பிரித்துக் கணினி கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் முறைக்கு இணையில்லாத இடங்கள் உண்டு: பக்கத்தில் இன்னொரு துளை, துளைக்குள் போல்ட் அழுத்தம், வளைந்த பலகை. ஆனால் அதன் வலையைக் கண்மூடி நம்பக் கூடாது. கூரிய மூலையுள்ள ஒரு வெட்டை நான் முன்பு ஆராய்ந்தபோது, வலையின் துண்டுகளைப் பாதி அளவாக்கினேன், தகைவு ஏறியது. மீண்டும் பாதியாக்கினேன், மீண்டும் ஏறியது. நிலையான விடை வரும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். கோட்பாட்டின்படி அந்த மூலையில் தகைவுக்கு எல்லையே கிடையாது. வராத விடைக்காகக் காத்திருந்திருக்கிறேன். இன்னொன்று, தடிமனைத் தனியே பிரிக்காத மெல்லிய ஓட்டு (shell) உறுப்புகளால் கட்டிய மாதிரிக்கு அடுக்குகளுக்கு இடையே எழும் தகைவு தெரியாது. துளை விளிம்பில் அடுக்குகளைப் பிரிப்பது அதுதான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மிக அகலமான தகட்டில் துளை சிறியதோ பெரியதோ, விளிம்புத் தகைவு அதே மூன்று மடங்கு. ஆனால் சோதித்தால் சிறு துளையுள்ள தகடு அதிகம் தாங்குகிறது. இழுவை எந்திரத்தின் அருகே நின்று கேட்டவருக்குக் காரணம் புரியும். முறிவதற்கு வெகு முன்பே சடசடவென்று சத்தம் வரும். துளையின் இருபுறமும் இழை வழியே மெல்லிய பிளவுகள் ஓடும். அந்தப் பிளவுகள் உச்சத் தகைவை மழுங்கடிக்கின்றன. தகைவு வேகமாகவும் தணிகிறது: 12 மி.மீ. துளையின் விளிம்பில் மூன்று மடங்காக இருப்பது, 3 மி.மீ. தள்ளிப்போவதற்குள் ஒன்றரை மடங்காகிவிடுகிறது. சிறு துளையில் இன்னும் விரைவாகத் தணியும்.

இதைக் கணக்கில் கொண்டுவந்தவர்கள் விட்னியும் நியூஸ்மரும், 1974இல். விளிம்பை விட்டுவிட்டு, அதிலிருந்து ஒரு குறிப்பிட்ட தூரத்தில் உள்ள தகைவைப் பாருங்கள் என்பது அவர்களின் ஒரு வழி. ஒரு தூரம் வரையிலான சராசரியைப் பாருங்கள் என்பது இன்னொன்று. அவர்கள் பயன்படுத்திய தூரங்கள் ஏறத்தாழ 1 மி.மீ., 3.8 மி.மீ. மிக அகலமான தகட்டில் 6 மி.மீ. துளைக்கு, துளையில்லாத தகட்டின் வலிமையில் 57 விழுக்காடு மிஞ்சும் என்கிறது முதல் வழி, இரண்டாவது 63. துளை 24 மி.மீ. ஆனால் 40, 44. வெறும் மூன்று மடங்குக் கணக்கோ எல்லாவற்றுக்கும் 33தான் சொல்லும்.

அன்றாட வேலைக்கு என் தேர்வு இதுதான், தயக்கமே இல்லை. இரண்டு வழிகளில் முதல் வழியான புள்ளித் தூரத்தையே எடுப்பேன். கையால் போட எளிது. ஆனால் அந்தத் தூரம் இயற்கையின் மாறிலி அல்ல. பிசினும் அடுக்கு வரிசையும் மாறினால் அதுவும் மாறும். ஒரே கோண அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தடிமனாக அடுக்கினால் அடுக்குப் பிரிதலே முந்திக்கொண்டு தகட்டை முறிக்கும். அங்கே இந்தக் கணக்கு எடுபடாது. அப்போது அடுக்குகளை ஒட்டும் பரப்பையும் சேர்த்துக் கட்டிய முப்பரிமாண மாதிரிதான் வழி, எத்தனை மணி நேரம் ஓடினாலும்.

தம்பியின் தகட்டுக்குக் கணக்குப் போட்டோம். 1 மி.மீ. தூரத்தை வைத்தால் 46 விழுக்காடு, அகலத் திருத்தத்துக்குப் பின் 40. உச்சத் தகைவை மட்டும் நம்பியிருந்தால் 29 என்று எழுதி, தேவையில்லாமல் தகட்டைத் தடிமனாக்கியிருப்பார். அவர் 40ஐ எழுதி வட்டமிடப் போனார். நான் தடுத்தேன், அந்த 1 மி.மீ. அவருடைய பிசினில் அளந்தது அல்ல. திங்கட்கிழமை அதே அடுக்கு வரிசையில் துளையில்லாமல் ஐந்து மாதிரிகள், 36 மி.மீ. அகலத்தில் 6 மி.மீ. துளையுடன் ஐந்து, 12 மி.மீ. துளையுடன் ஐந்து வெட்டுவதாக முடிவாயிற்று. 6 மி.மீ. துளையிலிருந்து தூரத்தைக் கண்டுபிடித்து, 12 மி.மீ. துளையின் முறிவுச் சுமையை முன்கூட்டியே தாளில் எழுதிவைத்துவிட்டு எந்திரத்தை ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.