புரோபயாடிக் மாத்திரை: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

உடல் எடையும் மனச்சோர்வும் ஒருசேரக் குறையும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்ததை நம்பி, லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் ஆகிய நுண்ணுயிர்கள் அடங்கிய இந்த மாத்திரைகளை மூன்று மாதங்கள் தவறாமல் உட்கொண்டேன். செரிமானம் சற்றுச் சீரானது. எடையிலோ மனநிலையிலோ மாற்றம் எதையும் நான் உணரவில்லை.

உடல் எடைக்கும் மனச்சோர்வுக்கும் குடலில் ஒரு பொது வேர் இருக்கலாம் என்ற கருத்து வெறும் விளம்பரம் அன்று. கொழுப்பு மிகுந்த உணவால் பருத்த சுண்டெலிகளிடம் பதற்றமும் சோர்வும் கூடியதையும், ஆன்டிபயாடிக் கொடுத்தபின் அவை தணிந்ததையும், பருத்த எலிகளின் குடல் நுண்ணுயிர்களை நுண்ணுயிரே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு மாற்றியபோது அதே நடத்தை அவற்றிடமும் தோன்றியதையும் அமெரிக்காவின் ஜாஸ்லின் நீரிழிவு மைய ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்டார்கள். வியக்கத்தக்க முடிவுதான், ஆனால் எலிகளிடம் கண்டதை மனிதருக்கு உறுதியான பலனாக எழுதுவது முறையன்று. உடலில் உள்ள, மனநிலையோடு தொடர்புடைய செரோட்டோனின் என்னும் வேதிப்பொருளில் ஏறத்தாழ 90 சதவீதம் குடலில் உருவாகிறது என்று பெருமையாகக் கூறும் இம்மாத்திரையின் துண்டறிக்கை, அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நேரடியாக நுழைவதில்லை என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது.

மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுபவர் எவரேனும் இதை நம்பித் தம் மருந்தை நிறுத்திவிடுவாரோ என்பதே என் பெருங்கவலை. செரிமானத்துக்காக மட்டும் என்றால், மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்கலாம்.