மொழி மாதிரி ஏபிஐக்குத் தமிழில் பாடம் எழுதுவது: ஒரு நீண்டகால அனுபவம்

சாட்ஜிபிடி போன்றவற்றின் பின்னால் இருக்கும் மொழி மாதிரிகளை நம் நிரலில் இருந்து அழைக்கும் வழிதான் ஏபிஐ. அந்த ஏபிஐகளைப் பற்றித் தமிழில் நிரலாக்கப் பாடங்கள் எழுதி இணையத்தில் போடுவதை 2023இல் தொடங்கினேன். இருப்பது இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம். வாசிப்பவர்களில் பெரும்பாலானோர் கொட்டகலை, தலவாக்கலை, பதுளைப் பக்கத்துப் பிள்ளைகள். உயர்தரத்தில் ஐசிடி (தகவல் தொழில்நுட்பப் பாடம்) எடுத்தவர்கள், டிப்ளோமா செய்பவர்கள், கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டே இரவில் படிப்பவர்கள். இவ்வளவு காலம் எழுதியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: தமிழ் எழுத்தை அனுப்பினால் ஏபிஐ என்ன செய்கிறது என்று காட்டுகிற பாடத்தைத்தான் பிள்ளைகள் திரும்பத் திரும்ப வந்து படிக்கிறார்கள். மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் ஏராளமாகக் கிடைக்கிறது.

டோக்கனில் இருந்தே தொடங்கலாம். மாதிரி எழுத்தை உடைத்து வாசிக்கும் துண்டுதான் டோக்கன். காசு டோக்கன் கணக்கில்தான் போகிறது. 'தமிழ்' என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. பைத்தான் நிரல்மொழியில் அதன் நீளத்தைக் கேட்டால், இகரக் குறியும் புள்ளியும் தனியாக எண்ணப்பட்டு, 5 என்று வரும். கணினி எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அதுவே 15 பைட். டோக்கனாக உடைக்கும் கருவிதான் டோக்கனைசர்; தமிழை அதிகம் பார்த்திராத டோக்கனைசர் இதைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்துவிடும். ஆங்கிலத்தில் ஒரு டோக்கனோடு முடிகிற சொல்லுக்குத் தமிழில் பல டோக்கன் போய்விடும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓபன்ஏஐ காட்டிய உதாரணத்தில், முன்பு 116 டோக்கன் எடுத்த தமிழ் வாக்கியம் புதிய டோக்கனைசரில் 35 டோக்கனுக்குள் அடங்கியது. இந்த எண்களைச் சொல்லிவிட்டுப் போவதைவிட, டோக்கனை எண்ணும் டிக்டோக்கன் என்ற பைத்தான் நூலகத்தில் பழைய முறையையும் புதிய முறையையும் போட்டு, அவரவர் தேயிலைத் தோட்டத்துப் பெயரை எண்ணிப் பார்க்க வைப்பது நல்லது. அதற்கு ஏபிஐ கீ (நம் கணக்கை அடையாளம் காட்டும் இரகசியச் சாவி) வேண்டாம், காசும் போகாது. ஒரு முறை செய்து பார்த்த பிள்ளை, பிறகு நீளமான உரையாடலை ஒவ்வொரு தடவையும் முழுதாக அனுப்புவதற்கு முன் யோசிக்கிறது. ஏபிஐ பொதுவாக முந்தைய பேச்சைத் தானாக நினைவில் வைத்திருக்காது, நாம்தான் திரும்ப அனுப்புகிறோம் என்ற விஷயமும் அப்போதுதான் மனதில் பதிகிறது.

அடுத்தது ஸ்ட்ரீமிங். பதிலைத் துண்டு துண்டாக வாங்கித் திரையில் காட்டும் நிரலை நாமே கையால் எழுதும்போது, இடையிடையே கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி வந்து நிற்கும். ஒரு தமிழ் எழுத்துக் குறியீட்டுக்கு மூன்று பைட். இரண்டு பைட் ஒரு துண்டிலும் மூன்றாவது அடுத்த துண்டிலும் வந்தால், ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக எழுத்தாக்குகிற நிரல் தடுமாறிவிடும். ஆங்கில எழுத்து ஒரே பைட் என்பதால் ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் டெக்ஸ்ட் டீகோடரை ஸ்ட்ரீம் முறையில் வைத்தால் சரியாகிவிடும். மிச்ச பைட்டை அது அடுத்த துண்டு வரும்வரை பிடித்து வைத்துக்கொள்ளும். இதையும் சரிசெய்த பிறகு, முதலில் 'க' தெரிந்து மறுகணம் 'கொ' ஆக மாறுவதைப் பார்த்துச் சிலர் பயப்படுகிறார்கள். அது பிழை இல்லை. உயிர்க்குறி தனியாகப் பின்னால் வருகிறது, அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் கொழுந்து நிறுவைக் கணக்கு, அதாவது தோட்டத்தில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் கணக்கு. வெளியில் கிடைக்கும் பாடங்களில் எல்லாம் பீட்சா ஆர்டர்தான் உதாரணம். நான் எடுத்த வாக்கியம்: "காலையில 8 கிலோ, மத்தியானம் 7, பின்னேரம் 5, தண்ணிக்கு 2 கழிச்சிட்டாங்க." ஈரக் கொழுந்தில் இருக்கும் தண்ணீருக்காகக் கழிப்பதுதான் அந்த 2. இதை ஜேசனாக, அதாவது பெயரும் மதிப்புமாக நிரல் வாசிக்கும் வடிவமாக, மாற்றச் சொல்ல வேண்டும். மொத்தத்தையும் மாதிரியிடமே கேட்டால் சில நேரம் 18 தரும், சில நேரம் கழிவைக் கழிக்காமல் 20 தரும். பதில் எவ்வளவு மாறலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் டெம்பரேச்சரைப் பூச்சியத்தில் வைத்தாலும் எப்போதும் ஒரே பதில்தான் வரும் என்று நம்ப முடியாது. அதனால் பாடத்தில் வேலையைப் பிரித்துக் கொடுக்கிறேன். வாக்கியத்தில் இருந்து நான்கு எண்களையும் பிரித்தெடுப்பது மாதிரியின் வேலை, கூட்டிக் கழிப்பது பைத்தானின் வேலை. எந்த எண் எங்கிருந்து வந்தது என்பதும் தனித்தனியாகக் கையில் இருக்கும். அம்மாவின் கழிவுக் கணக்கைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தப் பிரிவு ஏன் தேவை என்று விளக்கவே வேண்டியதில்லை.

பிழைச் செய்திகளுக்குத் தனிப் பாடம் கட்டாயம் வேண்டும். "அக்கா, கீ போட்டேன், ஆனா 401னு வருது" என்பதுதான் அதிகம் வருகிற கேள்வி. 401 என்றால் கீயை ஏற்கவில்லை என்று பொருள். பெரும்பாலும் போனில் இருந்து கீயை வெட்டி ஒட்டும்போது விட்டுப்போன ஒரு எழுத்து, அல்லது சூழல் மாறியை (நிரலுக்கு வெளியே கீயை வைக்கும் இடம்) ஏற்றாமல் ஓட்டியது. 429 இன்னும் சிக்கலானது. வேகமாகக் கேட்டாலும் 429, கணக்கில் காசு தீர்ந்தாலும் ஓபன்ஏஐயில் 429தான். முதலாவதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியைக் கூட்டி மறுபடி கேட்டால் சரி. இரண்டாவதற்கு விடிய விடியக் கேட்டாலும் பதில் வராது. எண்ணை மட்டும் பார்க்காமல் கூட வரும் செய்தியையும் வாசிக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பதில் பாதிச் சொல்லில் அறுந்து நின்றால் பெரும்பாலும் அது பிழையே இல்லை. நாம் வைத்த டோக்கன் வரம்பு முடிந்திருக்கும். பதிலோடு வரும் முடிவுக் காரணத்தை அச்சிட்டுப் பார்த்தால் தெரியும்.

பாடங்கள் சீக்கிரம் பழசாகின்றன. இந்த வேலையில் மிகவும் களைப்புத் தருவது இதுதான். 2023 நவம்பரில் ஓபன்ஏஐயின் பைத்தான் நூலகம் 1.0 ஆனதும் அதுவரை எல்லோரும் எழுதியிருந்த அழைப்பு முறை ஓடாமல் போனது. 2024 ஜனவரியில் டாவின்சி-003 மாதிரியையே மூடினார்கள். அப்புறம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வழக்கம். ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் கிளாட் ஏபிஐயில் சிஸ்டம் செய்தி (மாதிரி எப்படி நடக்க வேண்டும் என்ற பொது அறிவுறுத்தல்) உரையாடல் பட்டியலுக்கு வெளியே தனியாக நிற்கும், அதிகபட்ச டோக்கனைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆகவே ஒவ்வொரு பாடத்தின் தலையிலும் சோதித்த தேதியையும் நூலகப் பதிப்பு எண்ணையும் போடுகிறேன். மாதிரியின் பெயரை நிரலின் முதல் வரியில் ஒரே இடத்தில் வைக்கிறேன். எழுதுகிற எல்லோரும் இதைச் செய்தால் நல்லது. தேதியில்லாத பாடம் பிள்ளைகளின் ஒரு இரவை முழுதாகத் தின்றுவிடுகிறது.

வடிவம் பற்றிச் சுருக்கமாக. வாசிப்பது போனில், ஆகவே நிரல் வரிகள் குட்டையாக இருக்கட்டும். நிரலைப் படமாகப் போடாதீர்கள். நேர் மேற்கோள் குறி எங்காவது வளைந்த குறியாக மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியிடுங்கள்; வளைந்திருந்தால் பைத்தான் ஏற்காது.

காசுதான் பெரிய தடை. டொலரில் கட்ட அட்டை இல்லாத வீடுகள் இங்கே நிறைய. மாதிரிகளை நம் கணினியிலேயே ஓட்டும் ஒல்லாமா என்ற மென்பொருளை நிறுவி, நிரலில் முகவரியையும் மாதிரியின் பெயரையும் மாற்றினால் அதே நிரல் பெரும்பாலும் ஓடும். ஆனால் சாதாரண லேப்டாப் தாங்குகிற சிறிய மாதிரிகளின் தமிழ் சுமார்தான். நிரல் பழக அது போதும், தமிழ்ப் பதிலின் தரத்தை அதை வைத்து எடைபோடக் கூடாது. ஜூன், ஜூலை காற்று மழையில் மரம் விழுந்து கரண்டும் சிக்னலும் சேர்ந்து போகிற நாட்களுக்காக இன்னொரு வழியும் வைத்திருக்கிறேன். ஏபிஐ தந்த உண்மையான பதில்களை, 401, 429 பிழைகளையும் சேர்த்து, ஜேசன் கோப்புகளாகப் பாடத்தோடு தருகிறேன். ஏபிஐயை அழைப்பதற்குப் பதிலாக அந்தக் கோப்பைத் திறக்கும் ஒரு சிறிய பங்ஷனும் கூடவே இருக்கும். எல்லாம் சேர்ந்து ஒரு புகைப்படத்தின் அளவுகூட வராது, வாட்ஸ்அப்பிலேயே அனுப்பிவிடலாம். கீ இல்லாதவர்கள் அந்தக் கோப்புகளில் இருந்தே தொடங்குங்கள்; கீ கிடைக்கிற அன்று நிரலில் மாற்ற வேண்டியது அந்தப் பங்ஷனை மட்டும்தான்.